மூன்றாம் வகுப்பு வந்தும் வாசிக்கத் தெரியவில்லை: பள்ளியால் என்னதான் செய்ய முடியும்?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூன் 14, 2025

எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் செய்தித்தாளை நீட்டினேன். தலைப்பைக்கூட வாசிக்க முடியவில்லை. காரணம் தெரிந்ததுதான். கூலி வேலைக்குப் போகும் பெற்றோர், எழுத்தறியாத வீடு, எல்லோருக்கும் தேர்ச்சி. இந்த மூன்றும் இருக்கும்வரை பள்ளியால் ஒன்றும் செய்ய முடியாது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

ஜூன் 14, இரவு

மறுக்கிறேன் ஐயா. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் ஒரே அறையில், என் பொறுப்பில். பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருக்கிறார்கள். பிள்ளைகள் இங்கே பாட்டியிடம் வளர்கிறார்கள். நீங்கள் சொல்லும் எழுத்தறியாத வீடு நான் தினமும் கடந்து போகும் வீடு. அந்த வீட்டிலிருந்து வருபவர்களும் வாசிக்கிறார்கள். எல்லோரும் இல்லை, ஒரே வேகத்தில் இல்லை. ஆனால் வாசிக்க முடியாத பிள்ளையின் காரணத்தைத் தேடிப் போனால் அது வீட்டு வாசலில் போய் நிற்பதில்லை. பெரும்பாலும் ஏதோ ஓர் எழுத்து வரிசையில் போய் நிற்கிறது.

செய்தித்தாள் தலைப்பு எட்டு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற சோதனை அல்ல. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வில் தன்னார்வலர்கள் வீடு வீடாகக் கொண்டுபோகும் தாளில் நான்கே படிகள் உண்டு: எழுத்துகள், எளிய சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். "வாசிக்கத் தெரியவில்லை" என்ற ஒற்றை வாக்கியம் அப்போது நான்கு வெவ்வேறு பிரச்சினைகளாகப் பிரிந்துவிடும்.

ஜூன் 15

தேர்ச்சி பற்றி. 5, 8ஆம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்ததும், 2020 பிப்ரவரியில் அரசே அதைத் திரும்பப் பெற்றதும் பலருக்கு நினைவிருக்கும். அந்த இடைப்பட்ட மாதங்களில் பெற்றோரின் பயத்தை நேரில் பார்த்தவள் நான். பிள்ளையை அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்கார வைத்தால், அதே பாடம் அதே வேகத்தில் அதே தலைக்கு மேல் இன்னொரு முறை போகும். அவனுக்குத் தெரியாத எழுத்தை யாரும் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுக்காத வரையில் ஆண்டைக் கூட்டி என்ன பயன்? இதற்கு மேல் இதில் வாதாட எனக்கு விருப்பமில்லை.

ஜூன் 17

"ஏதோ ஓர் எழுத்து வரிசை" என்றால் எது என்று இருவர் கேட்டிருந்தீர்கள். இது எனக்கு மிகப் பிடித்த விஷயம், நீளமாகத்தான் எழுதுவேன்.

உயிர் 12, மெய் 18. இவற்றை ஒன்றாம் வகுப்பு அரையாண்டுக்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அடையாளம் கண்டுவிடுகிறார்கள். சிக்கல் 216 உயிர்மெய்யில். அதிலும் எல்லா வரிசையும் சமமில்லை. ஆகார வரிசை எளிது. எந்த எழுத்தானாலும் பக்கத்தில் ஒரு துணைக்கால். இகர, ஈகார வரிசைகளும் வந்துவிடும். உகரம் தொடங்கும்போதுதான் வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. கு, சு, து மூன்றையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். ஒலியில் நடக்கும் மாற்றம் ஒன்றுதான். வடிவத்தில் நடப்பது மூன்று விதம். கு வந்ததால் சு வந்துவிடாது, சு வந்ததால் து வந்துவிடாது. பதினெட்டையும் கண்ணால் பழகியே ஆக வேண்டும். இந்த வரிசை நடக்கும் நாட்களில் காய்ச்சலில் படுத்த பிள்ளை, திருப்பூருக்கு அம்மாவைப் பார்க்கப் போன பிள்ளை, திரும்பி வரும்போது வகுப்பு எகர வரிசைக்குப் போயிருக்கும். அந்த ஓட்டை அவன் மூன்றாம் வகுப்பு போகும்வரை அப்படியே இருக்கும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்த தடை கொம்பு. சென்ற ஆண்டு ஒரு சிறுமி "கொடி" என்ற சொல்லில் நின்றாள். விரலை வைத்து வாசிக்கிறாள். முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க. "கெ" என்றாள். விரலை நகர்த்தினால் கால். திகைத்தாள். "கெ... கா..." என்று என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பையன் உதவி செய்வதாக நினைத்து "கெடி" என்று எடுத்துக் கொடுத்தான். அவள் கவனக்குறைவாக இருந்தாள் என்று எப்படிச் சொல்வது? இடமிருந்து வலமாக வாசி என்று நாம்தான் சொல்லியிருக்கிறோம். ஒலியில் பின்னால் வருவதை எழுத்தில் முன்னால் வைத்திருப்பதும் நாம்தான். அவள் விதியை ஒழுங்காகப் பின்பற்றினாள்.

அட்டையில் ஒரு சிறு சன்னல் வெட்டி, "கொ" முழுவதும் ஒரே பார்வையில் தெரியும்படி சொல்லின் மேல் வைத்தேன். "மூன்றும் சேர்ந்து ஒரே எழுத்து, ஒரே சத்தம்." பிறகு கெ-கொ, செ-சொ, பெ-பொ என்று இணை இணையாகக் கரும்பலகையில். வேறெதையும் கலக்கவில்லை. கொம்பும் காலும் ஓர் எழுத்தின் இரண்டு கைகள் என்பது பிடிபட்டதும் "தோடு", "மோர்" எல்லாம் தாமாகவே வந்தன.

கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. நம்முடையதைப் போன்ற எழுத்துமுறையில் முழுத் தொகுதியும் கைவர நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது. ஏழைப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளில் இன்னும் மெதுவாக. ஓராண்டில் முடித்துவிட வேண்டும் என்று நாம் போடும் கணக்குதான் பிள்ளைக்கு மந்தம் என்று பெயர் சூட்டுகிறது.

ஜூன் 18

பழைய எழுத்துகளில் படித்தவர்கள் இதைவிடக் கஷ்டப்பட்டார்கள் என்று மூத்தவர் ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். லை, னை, ணா, றா போன்றவற்றுக்கு இருந்த தனி வடிவங்களை 1978இல் அரசாணை எளிமையாக்கியது. உகர, ஊகார வரிசைகளைத் தொடவில்லை. மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை; இருக்கிற வடிவத்துக்கு இன்னும் இரண்டு மாதம் ஒதுக்கச் சொல்கிறேன்.

ஜூன் 22

"எங்கள் பிள்ளைகள் பாடத்தை மடமடவென்று வாசிக்கிறார்களே" என்று ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து பக்கத்தின் நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்று கேளுங்கள். பாட்டும் கதையும் காதில் விழுந்து விழுந்து மனத்தில் பதிந்த பிள்ளை, புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒப்பிக்கும். விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் மூன்று சொல் தாண்டியிருக்கும். அந்த இடைவெளியைப் பாருங்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம், இப்படிப்பட்ட பிள்ளைகள்தான் எல்லோருடைய கண்ணிலிருந்தும் தப்பிவிடுகிறார்கள். நல்ல ஞாபகசக்தி, நல்ல குரல், ஆண்டு விழாவில் முதல் ஆள். நான்காம் வகுப்பில் பாடம் நீளமாகி மனத்தில் கொள்ளாமல் போகும்போதுதான் தெரிகிறது, இவ்வளவு காலம் வாசிக்கவே இல்லை என்று. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு வெட்கம் வந்துவிடுகிறது. வெட்கம் வந்த பிறகு "கொ" சொல்லிக்கொடுப்பது ஆறு வயதில் சொல்லிக்கொடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

ஜூலை 1

இழை வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. ஆங்கில வழியா தமிழ் வழியா என்பதை வேறு இடத்தில் பேசிக்கொள்ளலாம். நான் சொல்ல வந்த ஒரே விஷயத்தை இன்னும் சொல்லவில்லை.

வாசிக்கத் தொடங்கும் பிள்ளை, தான் வாசிப்பதை ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் நிமிடங்களில்தான் வளர்கிறது. வசதியான வீட்டில் அந்த நிமிடங்கள் அம்மாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ டியூஷனிலிருந்தோ யாரும் கணக்கு வைக்காமலே கிடைத்துவிடுகின்றன. என் பிள்ளைகளுக்கு அது பள்ளியில் கிடைத்தால் உண்டு. நாமோ பள்ளியில் என்ன செய்கிறோம்? நான் ஒரு வரி, வகுப்பு ஒரு வரி. முப்பது குரல் சேர்ந்து ஒலிக்கும்போது எந்தக் குரல் வாயசைக்கிறது, எது வாசிக்கிறது என்று எந்தக் காதாலும் பிரிக்க முடியாது. அந்தச் சத்தத்தில் ஒரு பிள்ளை ஐந்து ஆண்டும் ஒளிந்துகொள்ளலாம்.

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த தேசிய வாசிப்புக் குழுவின் அறிக்கையை இங்கே ஒருவர் குறிப்பிட்டார். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இது: ஒருவர் கேட்டு, வழிகாட்டி, திருத்த, வாய்விட்டு வாசிப்பது பலன் தருகிறது என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைத்தது. புத்தகத்தைக் கையில் கொடுத்து மௌனமாக வாசிக்க விட்டாலே போதும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. வாசிப்புக் களம், தொங்கவிட்ட புத்தகங்கள், வண்ணப் படங்கள் எல்லாம் வேண்டும். அவற்றின் பக்கத்தில் ஒரு காதும் வேண்டும்.

நேரம்? 25 பிள்ளைகளுக்குத் தலைக்கு 2 நிமிடம் என்றால் 50 நிமிடம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள்; ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கிறோம். நான் வாசிப்பைக் கேட்கும் 50 நிமிடமும் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்பது நியாயமான கேள்வி. நான் செய்வது: தடுமாறும் பிள்ளைகளை மட்டும் தினமும் கேட்கிறேன். ஓடத் தொடங்கியவர்களை வாரத்துக்கு ஒரு முறை. எல்லோருக்கும் சமம் என்று பார்த்தால் யாருக்கும் எதுவும் போய்ச் சேராது.

ஜூலை 3

முதல் பாடவேளையை வாசிப்புக்கு வைக்கலாமா என்று கேட்டவருக்கு: வைக்கலாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகுதான் அது முடிந்தது. அதற்கு முன்பு பத்து மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் எழுத்தைக் காட்டவே எனக்கு மனம் வராது.

ஜூலை 13

எழுத்தறியாத வீடு என்ற விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அது என்னை விடவில்லை.

எங்கள் மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தது. கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலைக்குப் போகும் பெண்களும் இரவில் தெருவிளக்கடியில் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் கற்றார்கள். அன்று கற்ற பெண்கள் இன்று பாட்டிகள். என் வகுப்பில் ஒரு பையனின் பாட்டி அவர்களில் ஒருவர். "எல்லாம் மறந்துவிட்டது டீச்சர்" என்றுதான் முதலில் சொன்னார். பேரனின் புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒரு சொல்லைக் காட்டினேன். மெதுவாக, உதடு அசைய, எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்துவிட்டார். மறக்கவில்லை, முப்பது ஆண்டுகளாக யாரும் அவரிடம் ஒரு புத்தகத்தை நீட்டவில்லை, அவ்வளவுதான்.

இப்போது பையன் மாலையில் பாட்டிக்கு வாசித்துக் காட்டுகிறான். அவர் திருத்துவது குறைவு. ஆனால் கேட்கிறார், புரியாவிட்டால் "திரும்பச் சொல்" என்கிறார். அந்த ஒரு வார்த்தை போதும், அவன் வரியின் தொடக்கத்துக்குப் போகிறான். படிக்காத வீடு என்று நாம் முத்திரை குத்தும் வீடுகளில் கேட்கத் தயாராக இருக்கும் ஆள் இருக்கிறார். நாம் போய்க் கேட்டதில்லை.

ஜூலை 14

எழுத்தே தெரியாத பாட்டி என்ன செய்வார் என்று உடனே கேள்வி வந்திருக்கிறது. கதையைக் கேட்டுவிட்டு, பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அதற்கு எழுத்து தேவையில்லை.

ஜூலை 20

புரிதலைப் பற்றி நான் ஒன்றுமே எழுதவில்லை என்ற குறை நியாயம். எழுத்தைக் கூட்டத் தெரிந்தால் போதாது. காஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1986இல் சொன்ன கணக்கு எளிமையானது: வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைக் கேட்டுப் புரியும் திறனும் பெருகி வருவது. கூட்டல் அல்ல, பெருக்கல். ஒன்று சுழியமானால் விடையும் சுழியம்.

தமிழில் இந்த இரண்டாவது பகுதியில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிள்ளை வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, புத்தகத் தமிழ் இன்னொன்று. "ஓடிக்கொண்டிருந்தது" என்ற சொல்லை ஒரு பையன் வியர்க்க வியர்க்கக் கூட்டி முடித்தான். பிழையே இல்லை. நாய் என்ன செய்தது என்று கேட்டேன், தெரியவில்லை. அதே சொல்லை அவன் வீட்டில் பேசுகிற விதமாக நான் சொன்னதும் "ஓ, அதுவா!" என்று சிரித்தான். அவனுக்குப் பொருள் தெரியாமல் இல்லை. காதில் விழாத வடிவத்தைக் கண் முதன்முதலாகச் சந்திக்கிறது. புத்தகத் தமிழை வீட்டில் பேசும் குழந்தை யாரும் இல்லை. ஆனால் கதை வாசித்துக் காட்டப்படும் குழந்தைக்கு அந்தத் தமிழ் காதில் விழுந்திருக்கும். என் பிள்ளைகளுக்கு அது நான் உரக்க வாசிக்கும்போது மட்டும் விழுகிறது. அதனால் மதியம் கடைசிப் பாடவேளையில் தினமும் ஒரு கதையை எழுதியிருக்கிறபடியே, ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்துக் காட்டுகிறேன். கதை சொல்வது வேறு, வாசித்துக் காட்டுவது வேறு. இரண்டும் வேண்டும்.

ஆகஸ்ட் 3

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு சின்னவர்களின் வாசிப்பைக் கேட்க வைக்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். நானும் செய்கிறேன், ஆனால் இதில் எனக்கு இரண்டு மனம். நன்றாக வாசிக்கும் மாணவி பொறுமையில்லாமல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். சின்னவன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான். மாறாக, தானே தடுமாறிக் கரையேறிய ஐந்தாம் வகுப்புப் பையன் காத்திருக்கிறான். அவனுக்கு அந்த இடம் தெரியும். சின்னவன் வாசிப்பதைக் கேட்பதற்காக அவனும் எளிய புத்தகத்தை வெட்கமில்லாமல் எடுத்து முன்கூட்டி வாசித்துப் பார்க்கிறான். இந்த ஏற்பாட்டில் அதிகம் பயன் பெறுவது கேட்கும் பையன்தானோ என்று இப்போது தோன்றுகிறது.

நிலை வாரியாகப் பிரிப்பது பற்றியும் விவாதம் ஓடுகிறது. அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரித்துக் கற்பித்த முறையை, 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் களச் சோதனைகளில் ஆராய்ந்தார்கள். நல்ல பலன் தெரிந்தது. ஆனால் குழு என்பது ஏணிப்படி. பிள்ளை ஆண்டு முழுவதும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தால் அது முத்திரையாகிவிடும். "நான் அரும்புதானே" என்று ஒரு குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லக் கேட்டால் அன்றைக்கே குழுவைக் கலைத்து மறுபடி பாருங்கள்.

ஆகஸ்ட் 10

சிறு குறிப்பு. புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோகும் பிள்ளை, கரும்பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பும் பிள்ளை: இவர்களுக்கு முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். எழுத்துப் பயிற்சி அதற்குப் பிறகு.

ஆகஸ்ட் 24

கேள்வியைத் தொடங்கிய ஐயா மீண்டும் எழுதியிருப்பது மகிழ்ச்சி. நான்கு படிச் சோதனையைச் செய்து பார்த்திருக்கிறார். மூன்றாம் வகுப்பில் பெரும்பாலோர் சொற்களை வாசிக்கிறார்கள், பத்தியில் நிற்கிறார்கள். சிலர் எழுத்திலேயே நிற்கிறார்கள் என்கிறார். அப்படியானால் உங்கள் ஊரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. எழுத்தில் நிற்பவர்களுக்கு எந்த வரிசை விட்டுப்போனது என்று பார்க்க வேண்டும். சொல்லில் நிற்பவர்களுக்குப் புது எழுத்து எதுவும் வேண்டாம். அவர்கள் அளவுக்கான புத்தகங்கள் நிறைய வேண்டும். அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை வாரியாக வந்த புத்தகங்கள் பள்ளியில் இருக்கின்றனவா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பீரோவில் பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். கிழியும். கிழியட்டும்.

தன்னார்வலர்கள் எத்தனை நாள் வருவார்கள் என்ற சந்தேகம் சரியானது. இல்லம் தேடிக் கல்வி 2021இல் தொடங்கியபோது எங்கள் தெருவில் மாலை வகுப்பு எடுத்த பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். அவர் செய்த வேலைக்கு அது மிகக் குறைவு. இருந்தும் பிள்ளைகள் அவர் வீட்டுத் திண்ணையை விட்டு எழுந்து போக மாட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்குக் கௌரவமான ஊதியம் வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்க வேண்டும். ஊரில் ஓய்வுபெற்றவர்கள் இருந்தால், நீங்கள் உட்பட, வாரத்தில் இரண்டு காலை போதும். ஒரு பாய், ஒரு பிள்ளை, ஒரு புத்தகம். தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, எல்லோரும் பார்க்கும்படி வராந்தாவில்.

ஆகஸ்ட் 25

சன்னல் அட்டை எப்படிச் செய்வது என்று கேட்டவர்களுக்கு: பழைய நோட்டின் பின்னட்டை போதும். உங்கள் கையில் இருக்கும் புத்தகத்தின் எழுத்து அளவைப் பார்த்து, கொம்பு, எழுத்து, கால் மூன்றும் அடங்கும் அகலத்தில் நீள்சதுரமாக வெட்டுங்கள். "க" அளவுக்கு வெட்டினால் "கௌ" அடங்காது. உயரமும் கூடுதலாக வேண்டும், "கீ"யின் மேற்சுழியும் "கூ"வின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படக் கூடாது. அட்டையை நகர்த்துவது பிள்ளையின் கையாக இருக்க வேண்டும்; நாம் நகர்த்தினால் நம் வேகத்துக்கு ஓடும். ஒரு சொல்லைத் தடங்கலின்றி வாசித்ததும் அட்டையை எடுத்துவிட்டு அதே வரியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள்.